தொர்ரெவியேஹாவில் குடியேற நினைத்தால், முதலில் ஒரு ஜனவரியில் போய்ப் பாருங்கள்

ஸ்பெயினின் அலிகாந்தே மாகாணத்தில், மத்தியதரைக் கடலோரம் இருக்கிற ஊர் தொர்ரெவியேஹா. பெயருக்குப் 'பழைய கோபுரம்' என்று பொருள். கடற்கொள்ளைக்காரர்களைக் கண்காணிக்கக் கட்டிய காவல் கோபுரத்திலிருந்து வந்த பெயர். 1960களில் பத்தாயிரம் பேர் வாழ்ந்த உப்பள ஊர் இது. மீன்பிடித் தொழிலும் உண்டு. 1991ல் சுமார் 25,000 ஆகி, 2001ல் 50,000ஐத் தொட்டு, 2013 வாக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நகராட்சிப் பதிவேட்டைச் சுத்தம் செய்தபோது எண்ணிக்கை கொஞ்சம் இறங்கி, இப்போது மறுபடியும் ஏறிக்கொண்டிருக்கிறது. குடியிருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளிநாட்டினர். உக்ரைனியர், ரஷ்யர், பிரிட்டிஷார், கொலம்பியர், சுவீடன்காரர் என்று ஒரே மாடிப்படியில் ஐந்து மொழி கேட்கும்.

ஆகஸ்டில் இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு ஊர் பிடித்துப்போகிறது. இரவு பன்னிரண்டு மணிக்குக் கடற்கரைச் சாலையில் குழந்தைகள் ஓடுகின்றன, பாட்டிகள் நாற்காலி போட்டு அரட்டை அடிக்கிறார்கள், ஐஸ்கிரீம் கடையில் வரிசை நிற்கிறது. ஜனவரியில் அதே தெருவில் பாதிக் கதவுகள் இறக்கிப் பூட்டியிருக்கும், வீட்டுக்குள் குளிர் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருக்கும். இவை இரண்டும் ஒரே முகவரியில் இருக்கும் இரண்டு ஊர்கள். நீங்கள் குடியேறப் போவது இரண்டாவது ஊருக்கு. முதல் ஊர் வருடத்தில் எட்டு, பத்து வாரம் வந்துபோகும் விருந்தாளி. இதை மனதில் வைத்துத்தான் கீழே இருப்பதை எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்த வகையில் உள்ளே போகிறீர்கள்?

சும்மா பார்க்கப் போகிறவர் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். லண்டனில் இருக்கிற, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம் ஆட்களுக்கு விசா வேண்டாம். ஆனால் பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அவர்களுக்கும் அதே 90/180 கணக்குதான். 2025 அக்டோபர் 12லிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை தொடங்கியிருக்கிறது, அதனால் நாள் கணக்கு இனி முத்திரை தெளிவில்லை என்று சொல்லித் தப்பிக்கிற விஷயம் இல்லை. நார்வே, ஜெர்மனி, பிரான்ஸ் குடியுரிமை வாங்கிவிட்ட ஈழத்தமிழர்களுக்குத்தான் இந்த ஊர் உண்மையில் எளிது. ஜெர்மனியும் பிரான்சும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதாலும், நார்வே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதாலும் அவர்களுக்கு விசா வேண்டாம், மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

குடியேறவே போகிறவர்களுக்கு இரண்டு வழிகள்தான் பெரும்பாலும் பொருந்தும். ஒன்று, வேலை செய்யாமல் வாழ்வதற்கான விசா. ஸ்பெயினில் 'இப்ரெம்' என்றொரு குறியீட்டுத் தொகை உண்டு, மாதம் 600 யூரோ. அதன் நான்கு மடங்கு, அதாவது மாதம் 2,400, வருடத்துக்கு 28,800 யூரோ உங்களிடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். கூட வரும் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 600 மாதக் கணக்கில். ஓய்வூதியம், வாடகை வருமானம், சேமிப்பு எல்லாம் செல்லும். வேலை மட்டும் பார்க்கக்கூடாது. வீட்டிலிருந்தபடி சென்னைக் கம்பெனிக்கு லாப்டாப்பில் தட்டுவதும் வேலைதான், அதில் மழுப்ப வேண்டாம்.

இரண்டாவது, அந்த லாப்டாப்காரர்களுக்காகவே 2023ல் வந்த தொலைதூர வேலை விசா. குறைந்தபட்சச் சம்பளத்தின் இரட்டிப்பு வருமானம் வேண்டும், 2025 கணக்கில் மாதம் ஏறக்குறைய 2,760 யூரோ. கம்பெனி ஒரு வருடமாவது நடந்துகொண்டிருக்க வேண்டும், நீங்கள் அதில் மூன்று மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும், பட்டமோ மூன்று வருட அனுபவமோ காட்ட வேண்டும். வீடு வாங்கினால் குடியிருப்பு உரிமை கிடைக்கும் என்று இன்றும் யூடியூபில் ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 'தங்க விசா' 2025 ஏப்ரல் 3ஆம் தேதியோடு முடிந்துபோனது.

காகிதங்களில் நேரத்தை விழுங்குவது போலீஸ் நற்சான்று. பாஸ்போர்ட் சேவா மையத்தில் வாங்கி, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான 'அப்போஸ்தில்' முத்திரையை வெளியுறவு அமைச்சகத்தில் போட்டு, ஸ்பானிய அரசு அங்கீகரித்த உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்க்க வேண்டும். கல்யாணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்றுக்கும் இதே சுற்று. நற்சான்றுக்கு ஆயுள் சில மாதங்கள்தான். அதனால் மற்ற எல்லாம் கைக்கு வந்தபிறகு அதைக் கடைசியில் வாங்குங்கள். நான் முதலில் வாங்கி, திரும்பவும் ஒருமுறை வரிசையில் நின்றேன்.

இரண்டாம் படி: போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து ஸ்பெயினுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடாவிலோ ஐரோப்பிய நகரத்திலோ மாறி மாட்ரிட் போய், அங்கிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் அலிகாந்தே. லண்டனிலிருந்து அலிகாந்தே–எல்சே விமான நிலையத்துக்கு நேரடியாகவே இரண்டரை மணி நேரம். விமான நிலைய வாசலிலேயே தொர்ரெவியேஹாவுக்குப் பேருந்து உண்டு, ஏறினால் ஒரு மணி நேரம்.

தொர்ரெவியேஹாவில் ரயில் நிலையம் இல்லை. 1884ல் வந்த ரயில்பாதை மூடப்பட்டு, இப்போது உப்பு ஏரியோரம் சைக்கிள் ஓட்டும் பாதையாகிவிட்டது. மாலையில் அதில் நடப்பது ஊரின் இன்பங்களில் ஒன்று, ஆனால் ரயிலுக்கு நீங்கள் ஓரிவேலாவுக்கோ அலிகாந்தேவுக்கோ போயாக வேண்டும். கார் இல்லாமல் ஊர் மையத்தில் வாழலாம். மையத்தை விட்டு விலகினால் சிரமம். குடியிருப்பு அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லும், பிறகு அங்கேயே எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். அம்பது வயதில் எல்-போர்டு மாட்டிய மனநிலைக்குத் தயாராக இருங்கள்.

மூன்றாம் படி: ஊருக்குள் எங்கே?

1829 மார்ச் 21ஆம் தேதி பெரும் நிலநடுக்கத்தில் ஊர் தரைமட்டமானது. அந்தப் பகுதி முழுக்க 389 பேர் இறந்தார்கள். பிறகு ஹோசே அகுஸ்தின் தெ லாரமெந்தி என்ற பொறியாளர், வீடு இடிந்தாலும் தெருவில் ஓடித் தப்பிக்க இடம் இருக்கட்டும் என்று அகலமான நேர்த்தெருக்களும் தாழ்வான வீடுகளுமாக ஊரைத் திட்டமிட்டார். மையத்தில் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் இருப்பது அதனால்தான். தாழ்வான வீடுகள் மட்டும் போய்விட்டன. 1980களில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் பரிசாகவே 'தொர்ரெவியேஹாவில் ஒரு அப்பார்ட்மென்ட்' கொடுத்தார்கள், நாடு முழுக்க அது ஒரு கேலிச் சொல்லாகவே ஆகிப்போனது. லாரமெந்தியின் கட்டங்களில் இன்று ஐந்தாறு மாடி நிற்கிறது.

கடலுக்கு ஒட்டி, மையத்துக்கு அருகே இருப்பவை பிளாயா தெல் கூரா, லோஸ் லோகோஸ் கடற்கரைப் பகுதிகள். 'கூரா' என்றால் பாதிரியார், 'லோகோஸ்' என்றால் பைத்தியக்காரர்கள். எல்லாம் நடந்துபோகிற தூரம். ஆகஸ்டில் சத்தமும் வண்டி நிறுத்த இடமின்மையும் வாட்டும், குளிர்காலத்திலும் கடைகள் திறந்திருப்பது இங்கேதான். முதல் வருடம் வாழ நான் சொல்வது இந்த மையத்தைத்தான், சந்தேகமே இல்லாமல்.

வடக்கே லா மாத்தா. நீளமான மணல் கடற்கரை, பழைய காவல் கோபுரம், பின்னால் பறவைகள் நிறைந்த ஏரி. அமைதி வேண்டுகிறவர்களுக்கு ஏற்றது, ஆனால் நவம்பரில் ஒரு காபிக்கடை தேடி அலைய வேண்டியிருக்கும். உப்பேரிக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே எல் சாப்பரால், லா சியெஸ்தா, சான் லூயிஸ் என்று குடியிருப்புக் காலனிகள். நீச்சல்குளம் உள்ள சிறு வீடுகள், வாடகை கொஞ்சம் இறங்கும், காருக்குத்தான் அந்தப் பணம் போகும். மருத்துவமனைக்கு அருகே லோஸ் பால்கோனெஸ். வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

தரகர் 'தொர்ரெவியேஹா' என்று விளம்பரம் போட்டுக் காட்டும் வீடுகள் பல உண்மையில் ஓரிவேலா கோஸ்தாவில் இருக்கும். அது வேறு நகராட்சி, உங்கள் பதிவு, வரி, குப்பை எல்லாம் வேறு அலுவலகம். நகராட்சி எது என்பதை முதல் கேள்வியாகவே கேளுங்கள்.

நான்காம் படி: வாடகை வீடும் அதன் சூழ்ச்சியும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள், பணம் கரையும் இடம் இதுதான்.

செப்டம்பரிலிருந்து ஜூன் வரை வாடகைக்கு வீடு எளிதாகக் கிடைக்கும். 'குளிர்கால வாடகை' என்பார்கள். விலை மலிவாக இருக்கும். ஜூன் கடைசியில் காலி செய்ய வேண்டும், ஏனென்றால் ஜூலை, ஆகஸ்டில் அதே வீட்டை வாரக் கணக்கில் சுற்றுலாப் பயணிக்கு விட்டால் உரிமையாளருக்கு அதைவிடக் கூடுதலாக வரும். குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வருடா வருடம் மூட்டை கட்டுகிற குடும்பங்கள் உண்டு.

சட்டம் வேறு கதை சொல்கிறது. நிரந்தரக் குடியிருப்புக்கான ஒப்பந்தம் என்றால், உரிமையாளர் தனிமனிதராக இருந்தால் ஐந்து வருடம், நிறுவனமாக இருந்தால் ஏழு வருடம் வரை நீங்கள் அங்கே இருக்கலாம். அட்வான்ஸ் ஒரு மாத வாடகை. அதற்கு மேல் இரண்டு மாத வாடகை வரை கூடுதல் உத்தரவாதம் கேட்கலாம். 2023 வீட்டுச் சட்டத்துக்குப் பிறகு தரகுக் கூலியை உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். 'பருவகால ஒப்பந்தம்' என்று தலைப்புப் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை கிடைக்காது. அதனால்தான் பலரும் அந்தத் தலைப்பையே விரும்புகிறார்கள். ஒப்பந்தத்தில் முதல் வரியைப் படியுங்கள்: 'விவியேந்தா ஹபித்துவால்' என்றிருந்தால் நிரந்தரம், 'தெம்போராதா' என்றிருந்தால் பருவகாலம்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது பார்க்க வேண்டியவை வேறு. தரையில் ஓடு, சுவர் மெல்லிசு, மத்திய வெப்பமூட்டி கிடையாது. வீடுகள் கோடைக்காகக் கட்டப்பட்டவை. ஜனவரிப் பகலில் வெளியே 16, 17 டிகிரி வெயில், இரவில் ஆறேழு டிகிரி. ஊட்டியோடு ஒப்பிட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஊட்டியில் கம்பளி போர்த்தியிருப்போம், இங்கே ஓட்டுத் தரையில் செருப்பில்லாமல் நிற்போம். கடல் ஈரம் சுவரில் ஏறும். அலமாரியை இழுத்து அதன் பின்சுவரைப் பாருங்கள், கட்டில் தலைமாட்டை நகர்த்திப் பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த வாடை வந்தால் கறுப்புப் பூஞ்சையை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். வெயில் நுழைகிற தெற்குப் பார்த்த வீட்டுக்கு மாதம் அம்பது யூரோ கூடக் கொடுக்கலாம், மின்கட்டணத்தில் திரும்பி வந்துவிடும்.

அடுத்து, மின் இணைப்பின் 'பொதென்சியா'. ஒரே நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே வரம்பு இருக்கும், சிறிய வீடுகளில் 3.45 என்பது சாதாரணம். ஹீட்டர், வெந்நீர்க் கொப்பரை, மின்னடுப்பு மூன்றும் ஓடும்போது கிரைண்டர் சுவிட்சைப் போட்டால் வீடு இருண்டுவிடும். பொங்கலன்று எங்களுக்கு நடந்தது, பக்கத்து வீட்டு சுவீடன்காரர் டார்ச்சோடு வந்து சிரித்தார். கட்டணம் கொஞ்சம் ஏறும் என்றாலும் வரம்பை 4.6 ஆக்கச் சொல்லுங்கள்.

சமையல் கேஸ் பல வீடுகளில் சிலிண்டர்தான். ஆரஞ்சு நிற, பன்னிரண்டரை கிலோ சிலிண்டர், நம் ஊர் சிலிண்டர் மாதிரியே லாரியில் வரும். இந்த ஒரு விஷயத்தில் புலம்பெயர்ந்தது போலவே தோன்றாது.

ஐந்தாம் படி: மூன்று காகிதங்கள்

நியே என்பது வெளிநாட்டினருக்கான அடையாள எண். அது வெறும் எண். தங்கும் உரிமை அல்ல. வீடு வாங்கவும் வரி கட்டவும் அது கட்டாயம், வங்கியிலும் கேட்பார்கள். தியே என்பது குடியிருப்பு அட்டை, நீண்டகால விசாவில் வந்தவர்கள் நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் போலீஸ் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பத்ரோன் என்பது நகராட்சியில் 'நான் இந்த முகவரியில் குடியிருக்கிறேன்' என்று பதிவு செய்வது.

மூன்றில் பத்ரோனைத்தான் நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் இருந்தால் நகராட்சி பதிந்துகொள்ளும். பள்ளிச் சேர்க்கை, மருத்துவ அட்டை, பின்னாளில் நிரந்தர உரிமை கேட்கும்போது 'இத்தனை வருடம் இங்கே இருந்தேன்' என்று நிரூபிப்பது எல்லாம் இந்தக் காகிதத்தில் நிற்கிறது. "என் வீட்டு முகவரியில் பதிந்துவிடாதீர்கள், வரி வரும்" என்று சொல்கிற உரிமையாளரிடம் வீடு எடுக்காதீர்கள். குடியிருப்பவர் பதிவது சட்டப்படி கடமை, உரிமையாளர் தரும் சலுகை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்து நிரந்தர உரிமை இன்னும் கிடைக்காதவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பெயர் நீக்கப்பட்டுவிடும்.

சிக்கல், முன்பதிவு நேரம் கிடைப்பது. இணையத்தில் 'இடம் இல்லை' என்றே வரும், திடீரென்று காலையில் திறக்கும், ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இதற்குத்தான் 'ஹெஸ்தோரியா' என்ற அலுவலகங்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரும் ஆடிட்டரும் சேர்ந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; படிவம், வரி, வண்டிப் பெயர் மாற்றம் எல்லாம் அவரே பார்ப்பார். கூலியை முன்னாலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் போன முதல் ஹெஸ்தோரியாவில் தொகையை வாயால் சொன்னார்கள், பில்லில் அது இரட்டிப்பாக வந்தது. இரண்டாவது அலுவலகத்து அம்மா கால் மணி நேரத்தில் முடித்து, கூட ஒரு எலுமிச்சைப் பையும் கொடுத்து அனுப்பினார். சுற்றியுள்ள வேகா பாஹா சமவெளி முழுக்க எலுமிச்சைத் தோட்டம்தான்.

வருடத்தில் 183 நாட்களுக்கு மேல் தங்கினால் நீங்கள் ஸ்பெயினில் வரி கட்ட வேண்டியவர். இந்திய வாடகை, வட்டி எல்லாவற்றையும் அங்கே காட்ட வேண்டும். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இதற்கு மட்டும் நல்ல ஆடிட்டரிடம் பணம் செலவழியுங்கள்.

ஆறாம் படி: பள்ளி, மருத்துவம், மொழி

மாகாணத்தின் வேறு பகுதிகளில் வலென்சியானோ மொழி ஓங்கி ஒலித்தாலும், தொர்ரெவியேஹா ஸ்பானிஷ் பேசும் ஊர். பள்ளியில் வலென்சியானோவும் பாடமாக வரும்; இது ஸ்பானிஷ் பகுதி என்பதால் விலக்குக் கேட்கலாம். குழந்தைகள் ஆறு மாதத்தில் ஸ்பானிஷ் பிடித்துவிடுவார்கள். நமக்குத்தான் ஆபத்து. ஊரில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளலாம், தள்ளிக்கொண்டே பத்து வருடம் ஆகிவிடும். மருத்துவமனையில் இரவு ஒரு மணிக்கு நெஞ்சு வலியை விவரிக்க வேண்டி வரும்போதுதான் அது உறைக்கும்.

அவசரத்துக்கு 112. அரசு மருத்துவத்துக்கு வலென்சியா பிராந்தியத்தின் சுகாதார அட்டை, 'சிப்' என்பார்கள். வேலை செய்து சமூகப் பாதுகாப்புக் கட்டுகிறவருக்குக் கிடைக்கும். வேலையில்லா விசாவில் வந்தவர்கள் தனியார் காப்பீட்டோடு இருக்க வேண்டும். சிறு தொல்லைக்குப் பச்சைச் சிலுவை எரியும் மருந்துக்கடைக்குப் போங்கள். மருந்தாளுநர் பொறுமையாகக் கேட்டுச் சொல்வார், பாதி வைத்தியம் அங்கேயே முடியும்.

ஏழாம் படி: சாப்பாடு

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. பன்னிரண்டரைக்குப் பசியோடு உணவகத்தில் போய் நின்றால் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். வார நாட்களில் 'மெனு தெல் தியா' கேளுங்கள். இரண்டு பதார்த்தம், ரொட்டி, குடிக்க ஒன்று, இனிப்போ காபியோ சேர்த்து ஒரே விலை. அரிசி உணவுகளுக்கு இந்தக் கடற்கரை பேர் போனது. 'கால்தெரோ'வில் மீனின் சாறெல்லாம் சோற்றுக்குள் போயிருக்கும், மீனைத் தனியாகப் பூண்டுக் குழம்போடு தருவார்கள். பல இடங்களில் இரண்டு பேருக்குக் குறைவாகச் சமைக்க மாட்டார்கள். கருவாட்டுக்குப் பழகிய நாக்கு 'மொஹாமா' என்ற உப்பிட்டு உலர்த்திய சூரை மீனை மெல்லிய சீவலாக வாதுமையோடு சாப்பிட்டுப் பார்க்கலாம்.

சைவக்காரர்களுக்கு எச்சரிக்கை. 'நான் சைவம்' என்றால் இறைச்சித் துண்டு மட்டும் போகும். காய்கறி சூப்பில் பன்றித் தொடைத் துணுக்கு மிதக்கும், சாலடில் டின் சூரை மீன் உட்கார்ந்திருக்கும். "சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்" என்று மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்.

வீட்டுச் சமையலுக்குச் சந்தை பரவாயில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பெரிய திறந்தவெளிச் சந்தை கூடும், காய், பழம், ஆலிவ், துணி, சட்டி எல்லாம். பன்னிரண்டரைக்கு மேல் போனால் காய் விலை இறங்கும். மத்தி வகை மீன் சார்தினா, நெத்திலிக்கு நெருங்கியது போக்கெரோன். இவற்றைக் கேட்டால் மீன்காரர் சுத்தம் செய்தும் தருவார். வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லிக்கு மொராக்கோ, பாகிஸ்தான் கடைகள். கருவேப்பிலையை ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்கி உறைபெட்டியில் வைப்போம். உள்ளூர் உருண்டை அரிசி சோற்றுக்குச் சரிவராது, வெண்பொங்கலுக்குப் பிரமாதம். தோசை மாவு ஆகஸ்டில் நாலு மணி நேரத்தில் பொங்கி வழியும். ஜனவரியில் ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் வைத்தால்தான் மறுநாள் தோசை.

எட்டாம் படி: ஊரைப் பார்ப்பது

சில நாள் மட்டும் வருகிறவர்கள் கடற்கரையோடு நின்றுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பின்பக்கம். ஊருக்குப் பின்னால் இரண்டு உப்பேரிகள், பசுமை நிறத்தில் லா மாத்தா, ரோஜா நிறத்தில் தொர்ரெவியேஹா. இரண்டும் 1996லிருந்து இயற்கைப் பூங்கா. செறிந்த உப்புநீரில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்களும் ஒருவகைப் பாசியும் தரும் நிறம் அது. தூத்துக்குடி, வேதாரண்யம் பாத்திகளில் நீர் முற்றும்போது சிவப்பது இதே காரணத்தால்தான், பாத்தியில் கண்டதை இங்கே ஒரு ஏரி அளவுக்கு விரித்துப் பார்க்கலாம். வெயில் நேர்மேலே இருக்கும் மதியத்தில் நிறம் பளிச்சென்றிருக்கும். ஏரியில் இறங்கிக் குளிப்பது தடை, அபராதம் உண்டு. இன்ஸ்டாகிராம் படங்களை நம்பி இறங்காதீர்கள். உப்பு எடுக்கும் வேலை இன்றும் நடக்கிறது. உள்நாட்டில் பினோசோ மலையில் உப்பைக் கரைத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் இந்த ஏரிக்குக் கொண்டுவருகிறார்கள். சுற்றுலா வண்டியில் ஏறினால் வெள்ளை உப்பு மலைக்குப் பக்கத்திலேயே போகலாம். லா மாத்தா பக்கம் நடைபாதையும் பறவை பார்க்கும் மறைவிடங்களும் உண்டு, பூநாரைகள் வரும்.

அந்த உப்பை ஏற்றிக்கொண்டு 19ஆம் நூற்றாண்டில் கியூபாவுக்குப் போன கப்பல்காரர்கள் திரும்பி வரும்போது 'ஹபனேரா' என்ற பாட்டு வகையைக் கொண்டுவந்தார்கள். ஹவானாவின் பெயர்தான் அது. 1955லிருந்து வருடா வருடம் கோடையில் இங்கே சர்வதேசக் கூட்டிசைப் போட்டி நடக்கிறது. அந்த வாரம் ஊரில் இருந்தால் தவறவிடாதீர்கள்.

துறைமுகத்தில் 'தெல்ஃபின்' என்ற ஸ்பானியக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது, உள்ளே குனிந்து குனிந்து போக வேண்டும். அலைத்தடுப்புச் சுவர் மேல் கடலுக்குள் நீண்ட தூரம் நடக்கலாம். ஹுவான் அப்பாரிசியோ கடற்கரைச் சாலையில் பாறைகளுக்கு நடுவே இயற்கைக் குளங்கள் போன்ற இடங்கள், நீச்சல் தெரியாதவர்களுக்கு அவைதான் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் விடிகாலையில் வந்து குடையை நட்டு இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போகிறவர்கள் உண்டு. ஆளில்லாத குடைகளை நகராட்சி அள்ளிக்கொண்டு போய்விடும்.

செப்டம்பர், அக்டோபரில் ஒரு விஷயத்தில் கவனம். வருடம் முழுக்க பெய்வதே 300 மில்லிமீட்டருக்குப் பக்கம்தான், ஆனால் அதில் ஒரு பெரிய பங்கு 'கோத்தா ஃபிரியா' என்ற புயல்மழையாக ஒரே நாளில் கொட்டிவிடலாம். 2019 செப்டம்பரில் செகூரா ஆறு உடைத்துக்கொண்டு ஓரிவேலாவே மிதந்தது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் வெளியே போகாதீர்கள். காரைத் தாழ்வான தெருவிலோ தரைகீழ் நிறுத்தத்திலோ விடாதீர்கள். எங்கள் மழைக்காலப் புத்தி "பரவாயில்லை, ஓட்டிப் போய்விடலாம்" என்று சொல்லும், கேட்காதீர்கள்.

ஒன்பதாம் படி: வாங்குவது, ஒரு முழு வருடம் இருந்தபிறகு

பழைய வீட்டுக்கு விலைக்கு மேல் பரிமாற்ற வரி 10 விழுக்காடு (2026 ஜூனிலிருந்து 9), புது வீட்டுக்கு மதிப்புக்கூட்டு வரி 10 விழுக்காடும் முத்திரைத்தாள் வரியும். நோட்டரி, பதிவு, வழக்கறிஞர் எல்லாம் சேர்த்து விலையில் பன்னிரண்டு, பதின்மூன்று விழுக்காட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். தரகர் சொல்லும் வழக்கறிஞரை வைக்காதீர்கள். 'நோத்தா சிம்ப்ளே' என்பது நம் வில்லங்கச் சான்று மாதிரி, கடன், ஜப்தி எல்லாம் அதில் தெரியும். அடுக்குமாடிச் சங்கத்துக்கு விற்கிறவர் பாக்கி வைத்திருக்கிறாரா என்று சங்கத்தின் கடிதம் கேளுங்கள், வாங்கியபின் அந்தப் பாக்கி வீட்டோடு உங்களுக்கு வரக்கூடும். கடந்த கூட்டங்களின் குறிப்பேட்டையும் கேளுங்கள். லிஃப்ட் மாற்றவோ முகப்பு பழுதுபார்க்கவோ முடிவு செய்திருந்தால் 'தெர்ராமா' என்று தனி வசூல் வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் இந்தக் கடற்கரையின் சில இடங்களில் ராணுவ அனுமதியும் கேட்பார்கள். அதற்கு மாதங்கள் ஆகலாம்.

சுற்றுலா வாடகைக்கு விட்டுப் பணம் பார்க்கலாம் என்ற கணக்கோடு வாங்காதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து புதிதாக அப்படி விட வேண்டுமானால் அடுக்குமாடிச் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஒப்புதல் வேண்டும், நகராட்சியின் இணக்கச் சான்றும் வேண்டும்.

முன்பணமாகப் பத்து விழுக்காடு கொடுப்பது வழக்கம். நீங்கள் பின்வாங்கினால் அது போய்விடும், விற்கிறவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். அதனால் வில்லங்கமும் சங்கக் கடிதமும் கைக்கு வருமுன் ஒரு காசும் கொடுக்காதீர்கள். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு சாவி வாங்கிய அன்றே மூன்று வேலை: தண்ணீர் மீட்டர், மின் மீட்டர் எண்களைப் படம் எடுத்துப் பெயர் மாற்றக் கொடுங்கள், கதவுப் பூட்டின் சிலிண்டரை மாற்றுங்கள், பொதென்சியா எவ்வளவு என்று பாருங்கள். கிரைண்டரை அதற்குப் பிறகு சொருகலாம்.